மேசையில் பன்னிரண்டு பறவைகள்

தேநீரைக் குடிப்பதற்கு முன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி அதன் அடியைப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணில் கை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் தட்டைத் திருப்புவோம், கிண்ணத்தைக் கவிழ்ப்போம், செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். ஒருமுறை என் தங்கையின் தோழி வீட்டில் சாப்பிடப் போயிருந்தோம். நான் தட்டைக் கவிழ்த்ததும் அந்த வீட்டு அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா கழுவித்தாம்மா வெச்சிருக்கேன்" என்றார். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வந்தால் எனக்கும் வரும். எங்கள் வீட்டில் சிரிப்பு சளி மாதிரி. ஒருத்தருக்கு வந்தால் அடுத்தவருக்கு ஒட்டாமல் போகாது. அப்பா இறந்த அன்றுகூட, தூரத்து உறவினர் ஒருவர் அடுத்த தெருவில் தப்பான வீட்டுக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டு, நாங்கள் இருவரும் சமையலறைக்குள் ஓடி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தோம். கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்ததும், "பாவம், பொண்ணுங்க எப்படி அழுதிருக்குதுங்க பாரு" என்றார்கள்.

உங்கள் கோப்பையில் முத்திரை இல்லை. பரவாயில்லை, தேநீர் நன்றாக இருக்கிறது.

நீங்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருக்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. சூளைக்கு எதிரில் உட்கார்ந்து பழகியவள் நான். சூளையும் உள்ளே என்ன நடக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாது. ஆறுகிற வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். அதனால் நீங்கள் அதட்டவும் வேண்டாம், நயந்து பேசவும் வேண்டாம். எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் பின்னால் அலமாரியில், பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த மஞ்சள் மழைக்கோட்டு என் தங்கையுடையது. அதைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரு சின்ன உதவி கேட்பேன்.

நான் பீங்கான் சிற்பி. அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே பழைய பீங்கான்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. அந்தப் பழைய பொருட்களைப் பார்த்து, இந்தக் காலத்துச் சிற்பி ஒருவர் புதிதாகச் செய்ய வேண்டும். மனிதன் இயற்கைக்கு என்ன மதிப்பு வைத்திருக்கிறான் என்று பார்க்க வருகிறவர்கள் யோசிக்க வேண்டும். இதுதான் வேலை.

கூடத்தைக் காட்டியவர் அங்கே காப்பாட்சியர். ஒல்லியான மனிதர். பீங்கானுக்கு அருகில் வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பேச வேண்டுமானால் இரண்டடி பின்னால் போய், மூச்சை விட்டு, பேசிவிட்டு, மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் வருவார். முன்னும் பின்னுமாக அவர் ஆடுவதைப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. அவர் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். உள்ளே ஒரு பீங்கான் பறவை. ஏதோ ஓர் அரண்மனை விருந்துக்காகச் செய்த சூப் பாத்திரம். அதன் முதுகுதான் மூடி. முதுகைத் தூக்கினால் உள்ளே சூப். செய்தவர் தம் ஆயுளில் பறவை ஒன்றை நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்குப் புருவம் வைத்திருந்தார்.

"பன்னண்டு செஞ்சாங்க மேடம்" என்றார் காப்பாட்சியர், பின்னால் போய். "பதினொண்ணு உடைஞ்சு போச்சு. உலகத்துலயே இது ஒண்ணுதான் பாக்கி. விலைமதிப்பே கிடையாது."

"பன்னண்டும் உடையாம இருந்திருந்தா?"

அவர் அதுவரை யோசித்திராத கேள்வி போலிருக்கிறது. மூச்சு விடவும் மறந்து நின்றார். பிறகு, "சமையல்கட்டுல இருந்திருக்கும்" என்றார்.

இருவரும் சிரித்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பீங்கானுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. அந்த ஒரு வாக்கியத்தை நான் பையில் போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் சொல்ல வேண்டும். என் மேல் குற்றம் என்று நீங்கள் எதையாவது எழுதினால், அந்த வாக்கியத்துக்கும் அதில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இனி தங்கை. அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட வயதிலேயே கால்கள் மட்டும் வளர்ந்து, உடம்பு பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. அந்தப் பெயருக்கு மரியாதை செய்வது போல அவளும் பறவை ஆராய்ச்சிக்கே போனாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், நாங்கள் ஏரி என்று சொல்லும் சதுப்பு நிலம்தான் அவள் அலுவலகம். முழங்கால் வரை சேறு, ஆளுயரக் கோரை, கொசு. அங்கே ஒரு நீர்க்கோழி இனம் இருக்கிறது. கைக்குள் அடங்கும். மண் நிறம். கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் நிறைய இருந்தனவாம். அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு.

பணிமனையை விரிவாக்கச் சதுப்பைத் தூர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் கையில் படங்களோடு அதிகாரிகளைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பட்டறை வாசலில் நின்றாள். அங்கே பதில் சொன்ன பொறியாளர் மாதிரியே தாடையைச் சொறிந்துகொண்டு நடித்துக் காட்டினாள்.

"ஏம்மா, பன்னண்டு இருக்குல்ல? அப்புறம் என்ன அவசரம்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"இந்த ஏரி போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்லக்கா" என்றாள்.

என் கை முழுக்க மண். அதோடேயே அவள் தலையைத் தடவினேன். என் தங்கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்போது எனக்குள் ஒன்று உட்கார்ந்தது. இந்தக் கதை முழுக்க அது எழுந்திருக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் வேலை முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். பீங்கான் மண்ணைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். அதில் ஓர் இலையை முக்கி, காயவைத்து, மறுபடியும் முக்கி, மறுபடியும் காயவைத்துச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் இலை எரிந்து காற்றோடு போய்விடும். அது இருந்த இடத்தைச் சுற்றிப் பீங்கான் நிற்கும். கையால் யாரும் அப்படிச் செதுக்க முடியாது. நான் இலையில் ஆரம்பித்தேன். பிறகு விதைக் காய்கள். பிறகு மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு காலிக் கூடு. ஒவ்வொரு குச்சியும் வெள்ளை வெளேரென்று நின்றது. சூளையைத் திறந்தபோது நான் பட்டறையைச் சுற்றி ஒரு சுற்று ஓடினேன். பக்கத்துத் தச்சர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரியா?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு புறா. அது என் ஜன்னல் கண்ணாடியில் மோதித் தானாக இறந்தது. அதை முக்கிச் சூளையில் வைத்தேன். வெடித்துவிட்டது. உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக வழி வேண்டும். அலகு மூடியிருந்தது. அதிலிருந்து ஒரு பாடம்: அலகைத் திறந்து, நடுவே ஒரு மெல்லிய குச்சியை வைத்துவிட வேண்டும். கண்காட்சியில் எல்லோரும், "பாடுகிற மாதிரியே இருக்கிறதே" என்று வியந்தார்களே, அந்த அழகு அதனால் வந்ததுதான்.

அப்புறம் தங்கை வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அச்சு வார்க்க நான் பயன்படுத்தும் அதே மாவு. "உன்னை அப்படியே அச்செடுத்துடவாடி கொக்கு?" என்று கேட்டேன். "எடு, எடு. ஒரு கால்ல நிக்கிற மாதிரி எடு" என்றாள். அந்தக் கட்டின் மேல் கரித்துண்டால் அவளுடைய நீர்க்கோழிகள் பன்னிரண்டையும் வரைந்து கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் அடையாளம் சொன்னாள். ஒன்றுக்குக் காலில் நடுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது போல இறக்கையை மடித்து, ஒவ்வொரு கோரையாகப் பார்வையிட்டபடி நடக்கும். அவள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

"வேலைக்கு லேட்டா வந்தா மொறைக்கிறாருக்கா. லீவு கேக்கவே பயமா இருக்கு."

அவளுக்குப் படுத்துக் கிடப்பது பெரிய வேதனை இல்லை. எண்ண முடியாததுதான் வேதனை. காலையில் போய்ப் பன்னிரண்டும் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதற்கு அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. இந்தப் பறவைகள் ஆள் வாசனை பட்டாலே கோரைக்குள் மறைந்துவிடும். அவள் முதல் நாளிலிருந்து வெயிலானாலும் மழையானாலும் ஒரே மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவாள். போய் ஒரே இடத்தில் அசையாமல் குந்தியிருப்பாள். நெடுங்காலம் அப்படி இருந்த பிறகு அவற்றுக்கு அந்த மஞ்சள் பழகிவிட்டது. மஞ்சள் என்றால் ஆபத்தில்லை. பக்கத்தில் வரும், கோட்டின் ஓரத்தைக் கொத்தும், மடியில்கூட ஏறி நிற்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவை பார்ப்பதில்லை.

"நீ போய் எண்ணிட்டு வாக்கா" என்றாள் தங்கை. "வேற யாரையும் நான் நம்ப மாட்டேன். கோட்டைப் போட்டுக்கோ. கோட்டு இல்லாம மட்டும் போயிடாத."

போனேன். விடிந்து வெயில் ஏறாத நேரம். கோட்டு எனக்குக் கொஞ்சம் நீளம். கொக்கின் கோட்டு அல்லவா. சேற்றோரத்தில் குந்தினேன். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. எனக்கு அந்த அமைதி நன்றாக இருந்தது. பிறகு கோரை விலகி ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கடைசியில் மேனேஜர், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று சரிபார்ப்பது போல. பன்னிரண்டு. அவற்றில் ஒன்று என் மடியில் ஏறி நின்றது. உடம்பெல்லாம் ஒரு கூச்சம் ஓடியது. சிறுவயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, வயிறு மட்டும் இன்னும் மேலே போகுமே, அந்த மாதிரி. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அப்போதுதான் காப்பாட்சியரின் குரலும் பொறியாளரின் குரலும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் கேட்டன. பன்னிரண்டு இருந்தால் சமையல்கட்டு. பன்னிரண்டு இருக்கும்போது என்ன அவசரம். ஒன்றே ஒன்று மிஞ்சினால் கண்ணாடிப் பெட்டி, காவல், வரிசை, மூச்சை அடக்கிக்கொள்ளும் மனிதர்கள். எவ்வளவு எளிமையான கணக்கு. என் தங்கை படித்தவள். படங்கள், வரைபடங்கள் எல்லாம் வைத்து வாதாடினாள். இந்தப் பறவைகளிடம் இருந்த ஒரே குறை, அவை பதினொன்று அதிகமாக இருந்ததுதான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பாசம் கண்ணை மறைக்கும்.

முதல் ஒன்று தானாக இறந்துபோனது என்று உங்களிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லப்போவதில்லை. எனக்குப் பொய் வராது. கழுத்தில் இரண்டு விரல் போதும். தீக்குச்சி ஒடிகிற சத்தம்தான் வரும். மற்றவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சளுக்கு அவ்வளவு மரியாதை. அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நடந்து வரும்போது அந்தச் சூடு விலாவில் பட்டது. குளிர் காலையில் அது இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கட்டிலிலிருந்தே கத்தினாள். "எத்தினி?"

"பன்னண்டும் இருக்கு" என்றேன்.

இருந்தன. பதினொன்று ஏரியில், ஒன்று பையில். எங்கே இருக்கின்றன என்று அவள் கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவு. "மேனேஜர் எப்படி இருக்காரு?" என்றாள். "உன்னைத்தான் விசாரிச்சாரு. மெடிக்கல் லீவுக்கு டாக்டர் சீட்டு கேக்குறாரு" என்றேன். கட்டுப் போட்ட காலை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அது என் வாழ்க்கையின் மிக நல்ல பருவம். காலையில் ஏரி. திரும்பி வந்து தங்கைக்கு ஏரிச் செய்தி. அவள் கேட்கக் கேட்க நான் சொல்வேன். யார் யாரைத் துரத்தினார்கள், யார் சேற்றில் வழுக்கி விழுந்து கௌரவமாக எழுந்தார்கள், எல்லாம். மிச்சம் இருந்தவற்றை உண்மையாகவே கவனித்துத்தான் சொன்னேன். அப்புறம் பட்டறை. வெள்ளைப் பாலில் முக்குவது, உலரவிடுவது, மறுபடி முக்குவது. ஒவ்வொரு முக்குக்கும் அந்த உருவம் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் அமைதியாகும். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். சூளை ஆறித் திறக்கும்போது, கதவின் சின்னச் சந்து வழியே முதல் வெள்ளை தெரியுமே, அதற்காக நான் முட்டிபோட்டுச் சந்தில் கண்ணை வைத்துக்கொள்வேன். ஒருநாள் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தச்சர் மட்டும் ஒருமுறை மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, ஏதோ கருகுற நாத்தம்?" "இறகும் சேர்ந்து வேகுதுண்ணே" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மேனேஜரை எடுத்தது கடைசிக்கு முந்திய காலையில். அவரை விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த நடை யாருக்கு வரும்? ஒரு காலைத் தூக்கிப் பார்வையிடுகிற நிலையிலேயே நூல் கட்டி முக்கினேன். பதினோராவதை எடுத்த பிறகு ஏரியில் ஒன்று மிஞ்சியது. இளசு. வெள்ளைக் கோடு இன்னும் சரியாகத் தெளியவில்லை. அதைத் தொடவில்லை. அது கோட்டின் ஓரத்தை இழுத்துக்கொண்டு பின்னாலேயே பாதை வரை வந்தது. நான்தான் விரட்டி அனுப்பினேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கண்காட்சிக்கு நான் கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றேன். காப்பாட்சியருக்கு மயக்கம் வராத குறை. கூடத்தின் நடுவில் நீளமான விருந்து மேசை, வெள்ளை விரிப்பு, பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பறவை. தலைமாட்டில் புருவம் வைத்த பழைய சூப் பாத்திரம். சுற்றிலும் என்னுடைய பதினொன்று. கீழே எல்லாவற்றிலும் என் முத்திரை. மக்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவர்களும் காப்பாட்சியரைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டு, சிறு சிறு அடியாக வைத்து நடந்தார்கள். ஒரு பெண்மணி அழுதார். "இயற்கையோட அருமை இப்பத்தாங்க புரியுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாருங்கள், வேலை செய்தது. எனக்குத் தரையில் நிற்கிற மாதிரியே இல்லை. யாரோ கொடுத்த பழச்சாற்றை வேறு யாரோ ஒருவரின் தொப்பிக்குள் ஊற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தங்கை அன்றுதான் கட்டுப் பிரித்து வந்திருந்தாள். ஊன்றுகோலோடு, புதுச் சட்டையோடு. மேசையைப் பார்த்ததும் வாய் திறந்து நின்றாள். "அக்கா" என்றாள். அப்புறம் மேசையோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை. ஏழாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கேயே நின்றாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தும், அவள் நின்ற இடத்தில் மட்டும் சத்தம் இல்லாதது போல இருந்தது. நான் பக்கத்தில் போனேன். அவள் பறவையின் தூக்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"அக்கா" என்றாள் மெதுவாக. "மேனேஜர் இங்க என்ன பண்றாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கேட்ட விதம் அப்படி. நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். எப்போதும் அப்படித்தானே நடக்கும். கொஞ்சம் அதிக நேரமே சிரித்துக்கொண்டிருந்தேன் போல. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளாலும் மேனேஜரை எடுத்தாள். உயிருள்ளதை எடுப்பது போல, அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. காதருகே வைத்துக்கொண்டாள். காப்பாட்சியர் மூச்சைப் பிடித்தார். பிறகு அவள் கைகளை மேலே கொண்டுபோய் விரித்தாள், கையில் பிடித்த பறவையைப் பறக்கவிடுவது போல.

பீங்கான் எப்படிப் பறக்கும்.

துண்டுகள் தரையில் சிதறியபோது ஒன்றைக் கண்டேன். நானே எதிர்பார்க்காதது. வெளிப்பக்கம்தான் மழுங்கலாக இருந்தது. உள்பக்கத்தில் ஒவ்வொரு இறகும், இறகின் ஒவ்வொரு இழையும், கண்ணிமை வரை அச்சாகப் பதிந்திருந்தது. ஒரு பிடி சாம்பலும் இருந்தது. நான் முட்டிபோட்டு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். "இங்க பாருடி, எவ்வளவு அழகு" என்றேன். அவள் அப்போதுதான் சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள்தான் வந்தார்கள்.

என் கணக்கு தவறவில்லை என்பதையும் நீங்கள் எழுத வேண்டும். உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று செய்தி பரவியதும் சதுப்பைச் சுற்றிக் கூட்டம் தாங்கவில்லையாம். வராந்தாவில் உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். வேலி போட்டிருக்கிறார்கள், காவலுக்கு ஆள் நிற்கிறது. பணிமனை விரிவாக்கம் கைவிடப்பட்டது. அந்தப் பொறியாளரே செருப்பைக் கழற்றிவிட்டு, பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். அதைக் கேட்டு இந்த அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஏரி போனால் எனக்கு ஒன்றுமே இல்லை என்றாளே. ஏரியை எடுத்து அவள் மடியில் வைத்திருக்கிறேன். உடன்பிறந்தவளுக்கு இதைவிட ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அவள் நேற்று என்னைப் பார்க்க வந்தாள். நீங்கள்தான் அனுமதித்தீர்கள், நன்றி. எதிரில் உட்கார்ந்தாள். எழுந்து போகும்போதுதான் சொன்னாள்.

"அது கூப்பிட்டுக்கிட்டே இருக்குக்கா. பதிலுக்குக் குரல் குடுக்க யாரும் இல்ல."

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. வாய்விட்டுக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அக்காவுக்குப் புரியாதா. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய சதுப்பில் ஒரு சின்னஞ்சிறு பிராணி தனியாக, பேச்சுத் துணைகூட இல்லாமல். இங்கே மேசையில் பத்துச் சொந்தங்கள் வாயைத் திறந்தபடி காத்திருக்கின்றன. ஏழாவது நாற்காலிக்கு எதிரில் வெறும் விரிப்பு. காப்பாட்சியர் அங்கே 'உடைந்துவிட்டது' என்று எழுதி ஒரு சீட்டு வைத்திருக்கிறாராம். சீட்டு வைத்து மறைக்கிற ஓட்டையா அது. பழைய பாத்திரங்கள் உடைந்தபோது, அவற்றைச் செய்தவர் செத்து மண்ணாகியிருந்தார். அதனால் அந்த இடங்கள் காலியாகவே போயின. நான் உயிரோடுதானே இருக்கிறேன்.

அங்கே நிற்கிற கூட்டத்தில் ஒருவருக்கும் அது முகம் காட்டுவதில்லையாம். தங்கைக்குக்கூட. அவள் போய்க் குந்தியிருக்கிறாள். அது கோரைக்குள்ளேயே இருந்து கத்துகிறது. கோட்டு இங்கே அல்லவா இருக்கிறது.

கேட்க வந்த உதவி இதுதான். அந்தப் பையைப் பிரித்துக் கோட்டை எனக்குக் கொடுங்கள். கூட ஆள் அனுப்புங்கள், கையில் விலங்கு வேண்டுமானாலும் போடுங்கள். இரண்டு விரல் மட்டும் அசைந்தால் போதும். ஒரே ஒரு காலை. மஞ்சளைக் கண்டால் அது தானாகவே வரும்.